போர்ட் டைமிங் அளந்தபோது கண்டவை: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நீலப்புகை
என் யமஹா ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக் பைக்குக்கு, போர்ட்டிங் செய்த (வாயு போய்வரும் துளைகளான போர்ட்களைத் திருத்திய) பேரல், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர், ஒன்றை வாங்கினேன். விற்ற பட்டறையில் என் வண்டியிலேயே பூட்டி, எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் துளை) கிராங்கின் ஒரு சுற்றில் 188 டிகிரி திறந்திருக்கிறது என்று அளந்தும் காட்டினார்கள். பிளக் ஓட்டையில் ஸ்குரூடிரைவரை விட்டு, அது மேலே வந்து நின்ற இடத்தை டிடிசி (பிஸ்டன் ஏறும் உச்சி) என டிகிரி தகட்டில் (கோணம் குறித்த வட்டத் தகடு) பூஜ்ஜியம் வைத்து, அங்கிருந்து போர்ட் திறந்த 86ஐ 180இலிருந்து கழித்து இரட்டித்தார்கள். ஓட்டிப் பார்த்தால் மேல் வேகத்தில் இழுவையே இல்லை. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் அவர்களைப் போலவே பூஜ்ஜியம் வைத்துவிட்டு, ஹெட்டை (பேரலின் மூடியை) கழற்றி, நடுவில் போல்ட் இறங்கிய இரும்புப் பட்டையை ஸ்டட்களின் (ஹெட்டைப் பிடிக்கும் திருகுத் தண்டுகளின்) குறுக்கே பூட்டினார். பிஸ்டன் போல்ட்டில் முட்டும் வரை மேக்னெட்டை (கிராங்கின் முனையிலுள்ள சக்கரத்தை) இரு திசையிலும் மெதுவாகத் திருப்பினார். ஒரு பக்கம் முள் 46இல் நின்றது, மறுபக்கம் 38இல். வித்தியாசத்தில் பாதி, அதாவது டிடிசி 4 டிகிரி தள்ளியிருந்தது. போர்ட் திறந்தது 86இல் அல்ல, 90இல்; எக்ஸாஸ்ட் உண்மையில் 180தான். அந்த இரண்டு எண்களும் இன்னும் மனத்தை அரிக்கின்றன.

லேத்துமேடை
நண்பரே, டிடிசியை மட்டும் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. திறக்கும் இடத்தோடு மூடும் இடத்தையும் படித்திருந்தால் 86, 94 என்று வந்திருக்கும். 360இலிருந்து இரண்டையும் கழித்தால், பூஜ்ஜியம் எங்கே இருந்தாலும் விடை 180தான். ஒரு பக்கத்தை மட்டும் படித்து இரட்டித்ததே தவறு. என் பட்டறையில் நான் கண்டது வேறு: ஹெட்டையும் பேரலையும் ஒரே ஸ்டட்கள் பிடிக்கும் இன்ஜினில், ஹெட்டைக் கழற்றிய பின் பிஸ்டனோடு பேரலும் மயிரிழை அளவு மேலே எழுந்தது. குழாய்த் துண்டுகளை ஸ்டட்களில் மாட்டி நட்டை இறுக்கிய பிறகே அளவு நிலைத்தது.

ஐம்பதுக்கு50
டிடிசிக்கு அருகே 4 டிகிரி திரும்பினாலும், 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் நகர்வது ஏறத்தாழ 0.08 மி.மீ.தான், அதைக் கை உணராது. நான் பார்த்த ஒரு வண்டியில் பேரலுக்கு அடியில் 1 மி.மீ. தகடு வைத்து, "எல்லா போர்ட்டும் சமமாக ஏறிவிட்டது" என்றார்கள்; டிகிரி தகடு வேறு கதை சொன்னது. இதைச் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். 90 டிகிரி அருகே ஒரு டிகிரிக்குப் பிஸ்டன் சுமார் 0.44 மி.மீ. இறங்குகிறது, டிரான்ஸ்பர் (புதுக் கலவை உள்ளே வரும் போர்ட்) திறக்கும் 120 அருகே சுமார் 0.33தான். ஆகவே அந்த 1 மி.மீ. தகட்டால் எக்ஸாஸ்ட் மொத்தம் நாலரை டிகிரி கூடும்போது டிரான்ஸ்பர் 6 டிகிரி கூடுகிறது. எரிந்த வாயு வெளியேற இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் அவகாசம் கூடாமல் குறைகிறது. அதோடு ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி பெருகிக் கம்ப்ரஷனும் விழுகிறது. பேரலின் மேல் முகத்தை லேத்தில் அதே அளவு கடைந்தால் கம்ப்ரஷன் திரும்பும், அவகாசம் திரும்பாது. அதற்கு எக்ஸாஸ்ட் கூரையை (போர்ட்டின் மேல் விளிம்பை) தனியாக உயர்த்தியே ஆக வேண்டும்.

பழைய கிக்கர்
திறக்கும் கணத்தைக் கண்ணால் பிடிக்க முயல்வதும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எங்கள் பட்டறையில் 0.05 மி.மீ. ஃபீலர் இலையை (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோகப் பட்டையை) எக்ஸாஸ்ட் வழியாக விட்டு, கூரையின் மிக உயர்ந்த இடத்தில் பிஸ்டன் விளிம்பு அதைக் கவ்வும் கணத்தைப் படிக்கிறோம். விளிம்பில் கரி ஒட்டியிருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள்.