திருப்பீடமா, வத்திக்கானா? (அன்பியம் வாட்ஸ்அப் குழு)

ஜெனி: செல்வம் அண்ணா, மறைக்கல்வி வினாடி வினாவுக்கு முதல் கேள்வி: 1964-லேருந்து ஐ.நா.வுல நிரந்தரப் பார்வையாளரா இருக்கிறது எது? விடை வத்திக்கான் நகர நாடு. சரிதானே?

செல்வம்: இல்லம்மா, திருப்பீடம்னு மாத்து. திருப்பீடம்னா திருத்தந்தையும் (போப்) அவரோட திருச்சபைத் தலைமை நிர்வாகமும்; வத்திக்கான் அதோட நிலம், நாடு. பாதிப் பேர் தப்பு விடுற இடமே இதுதான். 1870-ல இத்தாலி ரோமைப் பிடிச்சதுலேருந்து 1929 வரைக்கும் திருத்தந்தை கையில நாடுன்னு ஒண்ணு கிடையாது. அப்பவும் தூதர்கள் வந்துட்டுத்தான் இருந்தாங்க, ஏன்னா அவங்க வந்தது திருப்பீடத்துக்கு. நாடு பிறந்தது 1929 பிப்ரவரி 11, இத்தாலியும் திருப்பீடமும் போட்ட லாத்தரன் ஒப்பந்தத்துல.

அமலி டீச்சர்: இன்னைக்கும் தூதர்கள் திருப்பீடத்துக்குத்தான். வத்திக்கான் மொத்தமே 44 ஹெக்டேர், நம்ம கணக்குல 109 ஏக்கர் வரும். அதனால தூதரகங்கள் எல்லாம் ரோம்ல. திருப்பீடத்துக்கான இத்தாலியத் தூதரகம்கூட ரோம்லதான் இருக்கு, அதாவது சொந்த நாட்டுக்குள்ளேயே!

ஜெனி: "அங்கே பிறந்தவர்களே குடிமக்கள்"னு ஒரு விடை வச்சிருக்கேன் டீச்சர்.

அமலி டீச்சர்: அதைத் தூக்கிடு. பிறப்பால கிடைக்காது, பொறுப்பாலதான். ரோம்ல இருக்கிற கர்தினால்கள், திருப்பீடம் வெளிநாடுகளுக்கு அனுப்புற தூதர்கள், திருத்தந்தையோட காவல் படையான சுவிஸ் காவலர்கள் இவங்களுக்கு உண்டு. காவலர் பணி முடிஞ்சு ஊருக்குப் போனா குடியுரிமையும் போயிடும். வேற எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாம நிக்கிறவரை இத்தாலி தன் குடிமகனா ஏத்துக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு.

ஸ்டீபன்: அப்போ போலீஸ் வேலையும் சுவிஸ் காவலர்தானா மாமா?

செல்வம்: இல்ல தம்பி. அவங்க திருத்தந்தைக்கும் நுழைவாயில்களுக்கும் காவல். நகரப் போலீஸ் தனிப் படை. பேராலயத்துக்கு முன்னாடி இருக்கிற புனித பேதுரு சதுக்கம் இன்னும் வேற மாதிரி. தூண் வரிசை ரெண்டும் திறக்கிற வாய்ல தரையோட தரையா ஒரு வெள்ளைக் கல் கோடு போகும், அதுதான் எல்லை. வேலியும் இல்ல, பாஸ்போர்ட்டும் கேக்க மாட்டாங்க. ஆனா கோட்டுக்கு உள்ளே சதுக்கத்துலயும் பாதுகாப்பு இத்தாலியப் போலீஸ்தான். பேராலயப் படிக்கட்டு அடியோட அவங்க அதிகாரம் நின்னுடும்.

ஜெனி: ஆட்சி?

செல்வம்: சட்டம், நிர்வாகம், நீதி மூணும் திருத்தந்தைகிட்டதான். சட்டம் இயற்ற ஓர் ஆணையம், நகரத்தை நடத்த ஒரு நிர்வாக அமைப்பு, ரெண்டும் அவர் பேர்ல செயல்படுது.

அமலி டீச்சர்: அந்த ரெண்டுக்கும் 2025 மார்ச் 1-லேருந்து தலைவர் அருட்சகோதரி ரஃபயெல்லா பெத்ரீனி. ஒரு பெண் அந்தப் பொறுப்புல உக்காந்தது அதுவே முதல் தடவை. நம்ம பிள்ளைங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும், அதை அஞ்சாவது கேள்வியா வை ஜெனி.

ஜெனி: வச்சாச்சு டீச்சர். முதல் விடையும் திருப்பீடம்னு மாத்திட்டேன்.