1966-இன் அலியும் 1988-இன் டைசனும் மோதியிருந்தால்?

கேள்வி

குத்துச்சண்டை வீரர்கள் முகமது அலி, மைக் டைசன் இருவரில் யார் பெரியவர் என்ற விவாதத்தில், எந்த ஆண்டின் அலி, எந்த ஆண்டின் டைசன் என்று சொல்லாமலேயே பலரும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆகவே இருவரையும் அவரவர் உச்சத்தில் நிறுத்திக் கேட்கிறேன். 1966 நவம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றுகளில் முடித்த அலி ஒரு மூலையில். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் சாய்த்த டைசன் மறு மூலையில். அலிக்கு உயரத்தில் ஐந்து அங்குலமும் கை நீட்டத்தில் ஏழு அங்குலமும் கூடுதல் என்றாலும், என் கணிப்பு டைசன் பக்கமே சாய்கிறது. கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு தலையைப் பின்னால் இழுத்துத் தப்பும் அலிக்கு இடது ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து வீசும் குத்து) என்றுமே ஆகாது. 1963-இல் ஹென்றி கூப்பரும் 1971-இல் ஜோ ஃபிரேசியரும் அவரைத் தரையில் கிடத்தியது அந்தக் குத்தினால்தானே?

மறுமொழி 1

நீங்கள் காட்டும் இரு சான்றுகளும் 1966-இன் அலியைச் சேர்ந்தவை அல்ல. கூப்பரிடம் விழுந்தவர் 21 வயது காஷியஸ் கிளே (அலியின் பழைய பெயர்). ஃபிரேசியரிடம் விழுந்தவர், மூன்றரை ஆண்டுகள் ரிங்கை விட்டு விலக்கப்பட்டிருந்து திரும்பி, பதினைந்தாம் சுற்றில் கால் ஓய்ந்து நின்றவர். இரண்டு முறையும் அவர் எழுந்துவிட்டார் என்பதையும் மறக்க வேண்டாம்.

பொருத்தமான சான்று ஃபிளாய்ட் பேட்டர்சன்தான். டைசனை வளர்த்த கஸ் டமேட்டோவே பேட்டர்சனுக்கும் குரு. இரு கையுறைகளையும் கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்கும் பாணியும் அதுவே. 1965-இல் அந்தப் பாணியை அலி தன் ஜாபினால் (முன்கையை நேராக நீட்டிப் போடும் விரைவான குத்து) பன்னிரண்டு சுற்றுகள் சோதித்து, கடைசியில் நடுவர் போட்டியை நிறுத்தும்படி செய்தார். பேட்டர்சன் எடை குறைந்தவர், அன்று முதுகு வலியோடு ஆடியவர் என்பதால் அவரை அப்படியே டைசன் இடத்தில் வைத்துவிட முடியாதுதான்.

மறுமொழி 2

கேள்வியில் உள்ள அளவுகோல்களே பழுதானவை. வில்லியம்ஸ் 1964-இல் காவலர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து ஒரு சிறுநீரகத்தையே இழந்தவர். ஸ்பிங்க்ஸோ எடை குறைந்த பிரிவான லைட் ஹெவிவெயிட்டிலிருந்து ஏறி வந்தவர், அன்றிரவு மணி அடிக்கும் முன்பே பாதி தோற்றிருந்தார்.

நான் பார்க்கச் சொல்வது 1988 ஜனவரியில் நடந்த லாரி ஹோம்ஸ் போட்டியின் நான்காம் சுற்றை. 38 வயது ஹோம்ஸ் அந்தச் சுற்றில் திடீரென்று முன்பாதத்தில் எழுந்து, பழையபடி சுற்றிச் சுற்றி ஜாப் போடத் தொடங்கினார். சிறிது நேரம் டைசன் தலையை அசைத்து அசைத்துக் காத்திருந்தார். பிறகு ஒரே ஒரு வலது குத்து ஹோம்ஸைச் சாய்த்தது, சுற்று முடிவதற்குள் கதை முடிந்தது. இளமையான அலியின் கால்கள் இன்னும் வேகமானவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு குத்துக்கு இடம் கொடுக்காமல் முதல் நான்கு சுற்றுகளைக் கடக்க வேண்டுமே! டைசனே வெல்வார், அதுவும் ஐந்தாம் சுற்றுக்குள்.

மறுமொழி 3

முதல் நான்கு சுற்றுகளில்தான் ஆபத்து என்பது சரி. ஆனால் 1987-இல், அதாவது டைசன் உச்சத்தில் இருந்த காலத்திலேயே, 'போன்கிரஷர்' ஸ்மித்தும் டோனி டக்கரும் அவரோடு பன்னிரண்டு சுற்றுகள் நின்றார்களே, அது எப்படி? ஸ்மித் வெல்வதற்காக எதுவும் செய்யவில்லை. கட்டிப்பிடித்தே காலத்தை ஓட்டினார், பார்க்கவே சலிப்பான போட்டி அது. டக்கர் அப்படியல்ல. உயரமானவர், ஜாப் போட்டுவிட்டு, டைசன் உள்ளே நுழைந்தவுடன் கைகளைப் பூட்டி, நடுவர் பிரித்ததும் மறுபடி தூரத்திலிருந்து தொடங்கினார். அவரால் வெல்ல முடியவில்லை, ஆனால் டைசனின் தொடர் குத்துகள் இரண்டாவது, மூன்றாவது குத்தோடு அறுந்துபோயின. டக்கரை விடப் பன்மடங்கு வேகமான அலி இதைச் செய்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 1990-இல் டோக்கியோவில் டைசனை வீழ்த்திய பஸ்டர் டக்ளஸ் காட்டியது இதன் முழு வடிவம்தான். அதற்குள் பயிற்சியாளர் கெவின் ரூனி டைசனின் மூலையை விட்டுப் போயிருந்தார் என்ற வாதம் இருப்பதால் அதை நான் சான்றாக வைக்கவில்லை.

இடையில் ஒன்று: ட்ரெவர் பெர்பிக் 1981-இல் அலியை வென்றார், 1986-இல் அதே பெர்பிக்கை டைசன் இரண்டே சுற்றுகளில் முடித்தார், ஆகவே டைசனே மேல் என்ற கணக்கை யாரும் இங்கே கொண்டுவர வேண்டாம். பெர்பிக் வென்றது 39 வயது அலியை.

கேள்வி கேட்டவர்

டக்கர் போட்டியை நேற்று இரவு மீண்டும் பார்த்தேன்; நீங்கள் சொன்ன பூட்டு ஏறக்குறைய எல்லாச் சுற்றிலும் தெரிகிறது. அப்படியானால் போட்டியின் விதிகளையும் முடிவு செய்தாக வேண்டும். பதினைந்து சுற்றுகளா, பன்னிரண்டா? டைசன் ஒருமுறை கூடப் பன்னிரண்டைத் தாண்டி ஆடியதில்லை.

மறுமொழி 3

சுற்றுகளின் எண்ணிக்கையை விட நடுவர் யார் என்பதே முக்கியம் என்பேன். 1974-இல் ஃபிரேசியருடனான இரண்டாம் போட்டியில், அலி இடது கையால் எதிராளியின் கழுத்தை அழுத்தி இழுத்துக்கொண்டே இருந்தார். நடுவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அத்தகைய நடுவர் கிடைத்தால் பத்தாம் சுற்றுக்குப் பிறகு நடுவர் போட்டியை நிறுத்தும்படி செய்து அலி வெல்வார். கழுத்தில் கை வைத்தவுடன் புள்ளியைக் கழிக்கும் நடுவர் என்றால், மறுமொழி 2-இல் எழுதிய நண்பரோடு பந்தயம் கட்ட எனக்குத் துணிவில்லை.