மலை இறங்கியதும் முன் இடது சக்கரத்தின் பிரேக் விடுவதில்லை: ஹோஸா, கேலிப்பரா?

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து வாரம் இருமுறை ஏற்காடு சென்று வருகிறேன். வண்டி 2014 ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

கடந்த இரண்டு மாதங்களாக, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரம் வந்து சேரும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, கருகிய வாடை வருகிறது, முன் இடது சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியாத அளவுக்கு அனல் அடிக்கிறது. அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. இரண்டாம் கியரில்தான் இறங்குகிறேன். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

பிரேக் பேட் இரண்டு பக்கமும் புதிது. பேட்களை டிஸ்க்கின் மீது அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரின், அது நகர உதவும் ஸ்லைடு பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய சிலிகான் கிரீஸ் இட்டாயிற்று. பிரேக் ஆயிலும் புதிது (டாட் 4 வகை). பலன் இல்லை.

சென்ற ஞாயிறு கோரிமேட்டில் ஓரங்கட்டி, ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தபோது சக்கரம் அசையவே இல்லை. கேலிப்பரில் ஆயிலை வெளியேற்ற உள்ள திருகான பிளீடர் நிப்பிளைச் சற்றே தளர்த்தியதும் ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரம் உடனே இலகுவாகச் சுழன்றது. கேலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் இறுகியிருந்தால் அழுத்தம் போன பின்னும் பிடித்திருக்கும் அல்லவா? ஆனாலும் மெக்கானிக் கேலிப்பரையே மாற்றச் சொல்கிறார். கேலிப்பருக்கு ஆயில் கொண்டுசெல்லும், வெளியே வெடிப்பு தெரியாத ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி, ஆயிலைத் திரும்ப விடாமல் தடுக்கிறது என்பது என் சந்தேகம்.

கேலிப்பருக்குச் செலவு செய்யும் முன், குறை ஹோஸில்தான் என்று உறுதிசெய்ய என்ன சோதனை செய்யலாம்?