ஒண்ணும் ரெண்டும் மைனஸ் பத்தே முக்கால்: ஆப்-ஆம்ப் கணக்குப் போட்ட கதைகள்

கடைசிபெஞ்ச்741

எல்.ஐ.சி. (லீனியர் இன்டக்ரேட்டட் சர்க்யூட்ஸ்) லேபில் முதல் எக்ஸ்பெரிமென்ட்டே ஆடர்தான், அதாவது வோல்ட்டேஜ்களைக் கூட்டிச் சொல்ற சர்க்யூட். ஒரு 741 ஆப்-ஆம்ப் ஐசி (ரெண்டு இன்புட்டோட வித்தியாசத்தைப் பல மடங்கு பெருசாக்கற சிப்), மூணு 10கே ரெசிஸ்டர், ஒரு பக்கம் 1 வோல்ட், இன்னொரு பக்கம் 2 வோல்ட். இது இன்வெர்ட்டிங் ஆடர், விடையை மைனஸாக்கித் தரும், அதனால வெளியே மைனஸ் 3 வரணும். எனக்கு வந்தது மைனஸ் 10.75. கொடுத்த சப்ளையே பிளஸ் மைனஸ் 12தான். ஐசியை மாத்தினேன், அப்பவும் அதே 10.75. பக்கத்து பேட்ச் மைனஸ் 2.98னு ரெக்கார்டில் எழுதிட்டு கேன்டீனுக்கே போயாச்சு.

லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வந்தார். அவுட்புட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. மல்டிமீட்டர் முனையை நேரா பின் 2ல, அதாவது இன்புட்டெல்லாம் வந்து சேர்ற ஐசி கால்ல வச்சார். 1.5 வோல்ட். "இங்க ஜீரோ இருக்கணும் தம்பி. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நிக்குதுன்னா ஃபீட்பேக் வந்து சேரலை." அவுட்புட்டிலிருந்து பின் 2க்குத் திரும்பி வர்ற ஃபீட்பேக் ரெசிஸ்டர் காலை விரலால் அழுத்தினார். மைனஸ் 3.01! போர்டு ஓட்டை தளர்ந்து போயிருந்திருக்கு.

விர்ச்சுவல் கிரவுண்டுன்னு (கிரவுண்டோட இணைக்காமலே ஜீரோல நிக்கற புள்ளி) கிளாஸ்ல சொன்னது அன்னைக்குத்தான் மண்டைல ஏறுச்சு. பின் 2 ஜீரோல நிக்கறதாலதான் 1 வோல்ட்டிலிருந்து 0.1 மில்லிஆம்ப், 2 வோல்ட்டிலிருந்து 0.2 மில்லிஆம்ப் வருது. ரெண்டும் சேர்ந்து 0.3 ஆகி ஃபீட்பேக் ரெசிஸ்டர் வழியாப் போகுது. கூட்டல் நடக்கறது அந்த ஒரு புள்ளியிலதான். உங்க கதையைச் சொல்லுங்க.

மைக்செட்காரன்

நான் படிச்சது ஐடிஐ. எங்க பக்கம் கோயில் கொடைக்கு மைக்செட் கட்டுற தொழில். ஆரம்பத்துல மூணு பிரீஆம்ப் அவுட்டையும் வால்யூம் கண்ட்ரோல் வழியா நேரா ஒரே வயர்ல முறுக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்துட்டேன். வில்லுப்பாட்டு நடக்குது. குடம் அடிக்கிறவர் மைக்கைக் கொஞ்சம் குறைச்சா அண்ணாவி குரலும் சேர்ந்து இறங்குது. அவர் பாட்டை நிறுத்திட்டு மேடையில இருந்தே என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க!

அப்புறம் ஒரு 4558 ஆப்-ஆம்ப் ஐசி வாங்கி, ஒவ்வொரு லைனுக்கும் ஒரு 47கே போட்டு, மூணையும் பின் 2ல கொண்டுவந்து சேர்த்தேன். பிரச்சினை தீர்ந்துச்சு. நீங்க சொன்ன அதே புள்ளிதான். அது அசையாம நிக்கிறதால ஒரு மைக் இன்னொரு மைக்கைப் பார்க்கவே முடியாது. ஒண்ணைக் கழட்டிப் போட்டாலும் மத்தது அப்படியே இருக்கும்.

ஆனா மறு கொடைக்கு பேட்டரியில ஓட்டணும்னு 12 வோல்ட் மட்டும் கொடுத்து, பின் 3ஐ (ஐசியோட இன்னொரு இன்புட் கால்) நெகட்டிவ்ல கட்டினேன். சத்தம் அறுந்து அறுந்து கரகரன்னு வருது. இன்வெர்ட்டிங் ஆடர் பாதி நேரம் மைனஸ்ல விடை சொல்லணும், நான் மைனஸே கொடுக்கலையே, பாவம் அது எங்க போகும்? ரெண்டு 10கே, ஒரு 10 மைக்ரோ கெப்பாசிட்டர் வச்சு 6 வோல்ட் உண்டாக்கி பின் 3க்குக் கொடுத்தேன். உள்ளேயும் வெளியேயும் கப்ளிங் கெப்பாசிட்டர் (டிசியைத் தடுத்து சத்தத்தை மட்டும் விடுறது) போட்டேன். இன்னிக்கு வரைக்கும் அதே போர்டுதான்.

தங்கவளையம்

கழித்தல்ல, அதாவது ஒரு இன்புட்டிலிருந்து இன்னொண்ணைக் கழிக்கற சர்க்யூட்ல, மாட்டினவன் நான். ரெண்டு இன்புட்டுக்கும் ஒரே 5 வோல்ட். ஐந்தில் ஐந்து போனா ஜீரோ இல்லையா? மைனஸ் 0.2 வருது. ஆஃப்செட்னு (ஐசியோட சொந்தப் பிழை) நினைச்சு பின் 1க்கும் 5க்கும் நடுவுல பாட் (திருகி மாத்தற ரெசிஸ்டர்) போட்டுத் திருகினேன், திருகினேன், அசையலை.

கடைசியில நாலு ரெசிஸ்டரையும் கழட்டி அளந்தேன். எல்லாமே தங்கப் பட்டை போட்ட 10கே, அதாவது 5 சதவீதம். ரெண்டு 9.8, ரெண்டு 10.2. மேலே, பின் 2 வரிசையில, இன்புட் பக்கம் 9.8, ஃபீட்பேக்ல 10.2 போட்டிருந்தேன். கீழே, பின் 3 வரிசையில, அப்படியே தலைகீழா, இன்புட்ல 10.2, கிரவுண்டுக்கு 9.8. கீழே இருக்கிற ரெண்டை மட்டும் இடம் மாத்தினேன். ஜீரோ!

புதுசா ஒண்ணும் வாங்கலை, அதே நாலு ரெசிஸ்டர். ரெண்டு பக்கமும் விகிதம் ஒண்ணா இருந்தாப் போதும், மதிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். கெயின் (எத்தனை மடங்காகுதுங்கறது) மட்டும் 1.04 ஆச்சு, அது பரவாயில்லை.

பாட்டுத்திருகி

என்னோடது சின்னது. 12 வோல்ட்டை 10கே பாட் வச்சுப் பிரிச்சு, சரியா 1 வோல்ட் அளந்து வச்சுட்டு ஆடரில் கொடுத்தா 0.93 ஆயிடுச்சு. ஆடரோட 10கே, பாட் தர்ற வோல்ட்டேஜைக் கீழே இழுத்துடுது. நடுவுல ஒரு ஃபாலோயர் (வந்த வோல்ட்டேஜை இழுக்காம அப்படியே தர்ற ஆப்-ஆம்ப்) போட்டேன். இல்லேன்னா இணைச்ச பிறகு அளந்து திருகணும்.

ஓவர்லோடுவிளக்கு

இளைஞர்களே, 1970களில் படித்தவன் நான். எங்கள் கல்லூரியில் வோல்ட்டேஜ்களையே எண்களாக வைத்துக் கணக்குப் போடும் ஒரு அனலாக் கம்ப்யூட்டர் இருந்தது. வயர் செருகும் பலகை, ஒவ்வொரு ஆப்-ஆம்ப்புக்கும் ஒரு சிவப்பு விளக்கு. டிரான்சிஸ்டர் மெஷின், எல்லை பிளஸ் மைனஸ் 10 வோல்ட். முதல் நாள் ஆசையாக 7ஐயும் 6ஐயும் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. 13 என்ற எண்ணுக்கு அந்த மெஷினில் இடமே கிடையாது! இரண்டையும் பாதியாக்கி 3.5, 3 என்று கொடுத்து, வந்த 6.5ஐ (மைனஸ்தான்) மனதில் இரட்டிக்கச் சொன்னார் ஆசிரியர். ஸ்கேலிங் என்பது அவ்வளவுதான். ஆனால் பாதி வேலை அதுதான்.

"ஆபரேஷனல்" என்ற பெயரே கணக்கு ஆபரேஷன்களால் வந்தது. 1947இல் அமெரிக்கப் பொறியாளர் ஜான் ராகஸினியும் உடன் எழுதியவர்களும் வெளியிட்ட கட்டுரையில் அந்தப் பெயர் அச்சானது. ஆனால் பொருள் அதற்கும் மூத்தது. அமெரிக்க ஆய்வுக்கூடமான பெல் லேப்ஸின் கார்ல் ஸ்வார்ட்செல் வால்வில் (வெற்றிடக் குழாய்) செய்த கூட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு 1941இலேயே காப்புரிமை கேட்டுவிட்டார். விமானத்தைக் குறிபார்க்க பீரங்கிக்குக் கணக்குப் போடுவதுதான் அப்போது அதன் வேலை. பிறகு 1950களில் வந்த ஃபில்பிரிக் நிறுவனத்தின் கே2-டபிள்யூ என்ற வால்வு ஆப்-ஆம்ப் பெட்டிக்கு பிளஸ் மைனஸ் 300 வோல்ட் வேண்டும். பின் 2ஐ விரலால் அழுத்திப் பார்க்கும் வேலையெல்லாம் அங்கே ஆகாது.

கடைசிபெஞ்ச்741

ஐயா, அழுத்தினது ரெசிஸ்டர் காலை :) பெருக்கல் யாராவது செஞ்சீங்களா?

லாக்டேபிள்

செஞ்சு நொந்தவன் இருக்கேன். டிரான்சிஸ்டரை ஃபீட்பேக்ல போட்டு லாக் (மடக்கை) எடுத்து, கூட்டி, ஆன்டிலாக் எடுத்தா பெருக்கல் விடை. பேப்பர்ல அழகு. போர்டுல ஒரு டிரான்சிஸ்டரை ரெண்டு விரலால் பிடிச்சா விடை நகருது! கரண்ட் பத்து மடங்கானாலும் டிரான்சிஸ்டர் வோல்ட்டேஜ்ல 60 மில்லிவோல்ட்தான் வித்தியாசம். ஒரு டிகிரி சூட்டுக்கு 2 மில்லிவோல்ட் போயிடும். ஒண்ணு மட்டும் அஞ்சு டிகிரி சூடானா விடை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தப்பு.

போதும்டா சாமின்னு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஏடி633ங்கற பெருக்கல் ஐசி வாங்கினேன். காசு அதிகம்தான். வீட்டில் 2ஐயும் 3ஐயும் கொடுத்தேன். 0.6 வந்தது. மறுநாள் கடைக்குப் போய், "அண்ணே, போலி ஐசி கொடுத்துட்டீங்க"ன்னு சண்டை. அவர் டீயைக் கீழே வச்சுட்டு, போனில் டேட்டாஷீட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். முதல் பக்கத்துப் படத்திலேயே இருந்தது, பெருக்கி பத்தால் வகுக்கும்னு.