புதுப்பிப்பு: கல்லணைப் பக்கம் ஒரு ராத்திரி

கியர் இல்லாத பழைய சைக்கிளில் தனியாகப் போய் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்க முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேனே, பொங்கல் முடிந்த சனிக்கிழமை போய் வந்துவிட்டேன். தூரம் பிரச்சினையே இல்லை. திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி வழியாகக் கல்லணைக்குச் சுமார் 15 கிலோமீட்டர், மேடு கிடையாது, எதிர்க்காற்றுதான் கொஞ்சம் படுத்தியது. ஆற்று மணலில் படுக்காதே, தெரிந்தவர் இடமாகப் பார் என்று நீங்கள் சொன்னபடி தோகூர் பக்கம் சித்தப்பாவின் தென்னந்தோப்புக்குப் போனேன். அவரோ, "தேங்காய் தலையில விழுந்தா என்னடா பண்ணுவே?" என்று மரத்தடியிலிருந்து களத்துக்குத் துரத்திவிட்டார்.

தப்பு நடந்தது ராத்திரியில். கொசுவுக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டேன், மூன்று மணிக்கு முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், மழை என்று அலறியடித்து வெளியே வந்தால் வானம் நிறைய நட்சத்திரம். என் மூச்சிலிருந்த ஈரமே தைப் பனியில் குளிர்ந்திருந்த துணியில் பட்டு நீராகியிருக்கிறது. வலையை மட்டும் மூடி, வெளித்துணியைத் திறந்து விட்டிருக்க வேண்டும்.

அடுப்பு தூக்காதே என்றவர்களுக்கு நன்றி, சித்தியின் புளிசாதமே காலைக்கும் மிஞ்சியது. அப்புறம் கோவிலடி வரை மிதித்து அங்கே கோயில் கொண்டிருக்கும் அப்பக்குடத்தான் பெருமாளையும் பார்த்தேன். அப்பம் அங்கே ராத்திரியில்தான் படைப்பார்கள் என்பது போன பிறகுதான் உறைத்தது.

திரும்பும்போது பின் டயரில் கருவேல முள். பம்ப் இருந்தது, ஒட்டுவதற்குப் பசை இல்லை. 4 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன்.