பழைய டீசல் வேன்: சொட்டுவது ஓர் இடம், ஒழுகுவது எந்த இடம்?

கேள்வி

வணக்கம். அப்பா ஓட்டிய வேன் இப்போது என் கையில் இருக்கிறது. 1994 மாடல், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, ரோட்டரி டீசல் பம்ப். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லாத காலத்து வண்டி. மூன்று வாரமாக டீசல் ஒழுகுகிறது. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். சொட்டு விழுவது என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில். அங்கே டீசல் பைப்பே கிடையாது.

முதலில் என்ஜின் ஆயில் என்றுதான் நினைத்தேன். விரலில் தொட்டு மோந்து பார்த்தேன், டீசல்தான். ஃபில்டர் மேல் சந்தேகப்பட்டு, புது ரப்பர் ரிங்கோடு புது ஃபில்டர் மாட்டினேன். இரண்டு நாள் நின்றது போல இருந்தது, மூன்றாம் நாள் மறுபடியும் ஈரம். கண்ணில் பட்ட கிளிப்பை எல்லாம் ஒரு சுற்று இறுக்கினேன். அதில் ஒரு கிளிப் உடைந்ததுதான் மிச்சம்.

இன்னொரு விஷயம். இதே மூன்று வாரமாகக் காலையில் ஸ்டார்ட்டிங் சரியில்லை. முன்பெல்லாம் ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஒரே சுற்றில் பிடிக்கும். இப்போது பத்து, பன்னிரண்டு விநாடி சுற்ற வேண்டியிருக்கிறது. பிடித்ததும் கொஞ்ச நேரம் நொண்டி அடிக்கிறது, வெள்ளைப் புகை வருகிறது, அப்புறம் தானே சரியாகிவிடுகிறது. ஓட்டத்தில் இழுவை குறையவில்லை. ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக் போய்விட்டதா? அல்லது இதுவும் அதுவும் ஒன்றா?

பதில்

பம்ப் சீல் போயிருக்கும். முப்பது வருட ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? பம்ப்பைக் கழற்றிச் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள், எல்லாம் ஒரேயடியாக முடிந்துவிடும்.

பதில்

பம்ப்பில் கை வைக்க அவசரப்பட வேண்டாம் தம்பி. கழற்றி மாட்டினால் டைமிங், அதாவது டீசல் பீச்சும் நேரம், சரியாக வைக்க வேண்டும். வேறு எங்கோ இருந்த கசிவுக்காகப் பம்ப்பைக் கழற்றி, டைமிங் தவறி, நல்ல வண்டியைக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலையிலிருந்த காலத்தில் நானே ஒருமுறை செய்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

சொட்டுகிற இடத்தை மறந்துவிடுங்கள். டீசல் மெதுவாக, என்ஜினின் மடிப்பு, போல்ட் தலை, பள்ளம் என்று வழி தேடிக்கொண்டு இறங்கும். கடைசியில் எந்த முனை தாழ்வாக இருக்கிறதோ அங்கேதான் சொட்டும். வண்டி ஓடும்போது காற்று வேறு அதைப் பின்பக்கம் தள்ளும். கீழே உள்ள ஈரத்தைப் பார்க்காமல், ஈரம் தொடங்குகிற ஆக உயரமான இடம் எது என்று பாருங்கள்.

அதற்கு முதலில் என்ஜின் சுத்தமாக வேண்டும். அழுக்கு நீக்கும் திரவம் போட்டுக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். ஆல்டர்னேட்டரில் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். காய்ந்ததும் சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டர்களின் சுற்று, பம்ப் மேல்மூடி, ஃபில்டர் தலை, பைப் நட்டுகள் எல்லாவற்றிலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். ஒரு துணியில் கட்டித் தட்டினால் மெல்லியதாகப் படியும். பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள், பிறகு நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே பவுடர் முதலில் கறுத்து நனைகிறதோ அங்கே உங்கள் கசிவு. எதுவும் தெரியாவிட்டால் இரவு முழுக்க அப்படியே விட்டுக் காலையில் பாருங்கள். நின்ற பிறகு மட்டும் கசிகிற இடங்களும் உண்டு.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். என்ஜின் ஓடும்போது பம்ப்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகிற இரும்பு பைப்புகளை விரலால் தடவிக் கசிவு தேடாதீர்கள். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். அந்தப் பைப்பில் இருப்பது 100 பாருக்கு மேல். மயிரிழை விரிசலிலிருந்து வரும் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். சந்தேகம் இருந்தால் ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நாளைக் காலை சாவி போடும் முன் ஃபில்டர் மேல் உள்ள கைப்பம்ப்பை அது இறுகும் வரை அமுக்குங்கள். எத்தனை அமுக்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஹீட்டர் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பழையபடி ஒரே சுற்றில் பிடித்தால் ஹீட்டர் பிளக்கில் குற்றமில்லை. இரவில் எங்கோ காற்று நுழைந்து டீசல் டாங்குக்கே திரும்பி இறங்குகிறது என்று அர்த்தம். டீசல் வெளியே வரும் ஓட்டை வழியாகக் காற்று உள்ளேயும் போகும்.

ஆயில் ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். அளவு ஏறியிருந்தாலோ டீசல் வாடை அடித்தாலோ என்ஜினுக்குள்ளும் இறங்குகிறது. அப்படியானால் வண்டியை ஓட்டவே கூடாது.

பதில்

மேலே ஐயா சொன்னதோடு ஒன்று. நாலு இன்ஜெக்டரையும் இணைத்துக்கொண்டு போகுமே, மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்புகிற, நூல் பின்னிய மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ், அதைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். நூலுக்கு உள்ளே இருக்கிற ரப்பர் வெடித்திருப்பது சும்மா பார்த்தால் தெரியாது. கடைசி இன்ஜெக்டரில் ஒரு பக்கம் போக வழியில்லாமல் ஒரு குட்டி ஹோஸும் மூடியும் இருக்கும், எல்லோரும் மறந்துவிடுகிற இடம் அது. என் வண்டியில் அங்கேதான் ஒழுகியது.

கந்தகம் குறைத்த டீசல் வந்த பிறகு பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிவது பல வண்டிகளில் நடந்தது. பழைய எரிபொருளில் ஊறி உப்பியிருந்தவை புதியதில் சுருங்கிவிடுகின்றன. மாற்றும்போது டீசல் தாங்குகிற சீல்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். கைப்பம்ப்பை அமுக்கினேன், முப்பத்தொன்று எண்ணிய பிறகுதான் இறுகியது. சாவியைத் திருப்பினேன், அப்பா ஓட்டிய காலத்து மாதிரி ஒரே சுற்றில் பிடித்தது. மூன்று வாரமாக ஹீட்டர் பிளக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

ஆயில் ஸ்டிக்கில் அளவு சரியாக இருக்கிறது, வாடையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கழுவிப் பவுடர் தூவினேன். வண்டி கல்யாணத்துக்குக் கிளம்பியது போல இருந்தது. ஐடிலில் பத்து நிமிடம் ஓட்டியும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை பார்த்தால் நாலாவது இன்ஜெக்டருக்குக் கீழே பவுடரில் பென்சில் கோடு போல ஒரு நனைந்த தடம். ஹெட்டின் பின்விளிம்பு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் மூட்டு வரை ஒரே கோடு. தம்பி ஒருவர் சொன்ன அதே குட்டி ஹோஸ். கையால் பிடித்ததும் பிஸ்கட் மாதிரி நொறுங்கி வந்துவிட்டது. மற்ற ரிட்டர்ன் ஹோஸ்களையும் வளைத்தேன், இரண்டில் விரிசல்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பழையதை எடுத்துப்போய், உள்விட்டம் ஒத்துப் பார்த்தே வாங்கினேன். ஒழுகல் நின்றது. ஆனால் காலையில் இன்னும் நாலைந்து விநாடி இழுக்கிறது. கைப்பம்ப்பை எண்ணினேன், முப்பத்தொன்று இப்போது எட்டாகியிருக்கிறது. முழுசாகப் போகவில்லை. என்ன மிச்சம்?

பதில்

எட்டு என்றால் இன்னொரு சின்ன வழி இருக்கிறது. டாங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பாதையை டீசல் உறிஞ்சித்தான் இழுக்கிறது. அந்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் வெளியே ஈரமே தெரியாமல் காற்று மட்டும் உள்ளே போகும். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ள ஹோஸைக் கழற்றிவிட்டு, அதே அளவில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டுங்கள். காலையில் அதில் காற்று நிற்கிறதா, ஓடும்போது குமிழி வருகிறதா பாருங்கள். குமிழி வந்தால் ஃபில்டரிலோ அதற்கு முன்னாலோ கோளாறு. காற்று விடும் திருகு, கைப்பம்ப்பின் ரப்பர், நீங்கள் உடைத்த அந்த கிளிப் இருந்த இடம், இந்த வரிசையில் பாருங்கள். சோதனை முடிந்ததும் பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிடுங்கள், டீசலில் அது விறைத்து வெடிக்கும்.

டெஃப்லான் டேப் சுற்றவே சுற்றாதீர்கள். கிழிந்த இழை இன்ஜெக்டர் வரை போகும். பேஞ்சோ போல்ட் (உள்ளே துளை வழியாக டீசல் போகிற போல்ட்) எதையாவது கழற்றினால் காப்பர் வாஷர் புதிதாகப் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆகிவிடும், மறுபடி உட்காரும்.

கேட்டவர்

கிளிப் இல்லை ஐயா, காற்று விடும் திருகுதான். ஃபில்டர் மாற்றியபோது நானே திறந்து மூடியது. அதன் அடியில் இருந்த வாஷர் ஒரு பக்கம் பிளந்திருந்தது, அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. அதாவது ஒரு கசிவைத் தேடப் போய் இன்னொன்றை உண்டாக்கியிருக்கிறேன். வாஷர் மாற்றி நாலு நாள் ஆகிறது. கைப்பம்ப் இரண்டாவது அமுக்கிலேயே இறுகுகிறது, அடியில் விரித்த அட்டை காய்ந்து கிடக்கிறது.

பவுடர் தூவியபோது பம்ப் மேல்மூடியின் ஓரத்திலும் லேசாக வியர்த்த மாதிரி தெரிந்தது. சொட்டாகவில்லை. அதைத் திறக்கலாமா?

பதில்

வேண்டாம். அந்த மூடியை நேராகத் தூக்க முடியாது, உள்ளே என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரின் ஸ்பிரிங் ஆக்சிலரேட்டர் தண்டோடு மாட்டியிருக்கும். தெரியாமல் இழுத்தால் அதைத் திரும்ப மாட்டுவதற்குள் ஒரு நாள் போய்விடும். துடைத்துவிட்டு மாதம் ஒருமுறை பாருங்கள். சொட்டத் தொடங்கினால் இங்கே எழுதுங்கள், படிப்படியாகச் சொல்கிறேன்.