தீபாவளி முடிந்ததும் திரும்பி வரும் புடவைகள்: உங்கள் அனுபவம் என்ன?

சாட்ஸ்வொர்த் அக்கா:
தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துப் பக்கம் ஒரு சின்னத் துணிக்கடையில் கவுன்டரில் நிற்கிறேன். தீபாவளிக்கு அடுத்த வாரம் புதிதாக வாங்க வருபவர்களை விட, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வருபவர்கள்தான் அதிகம். கையில் ஸ்லிப் இருக்கும், டேக் அறுபடாமல் தொங்கும். "மகளுக்குக் கலர் பிடிக்கலை" என்பார்கள். விரித்துப் பார்த்தால் கொசுவம் வைத்த தடம் அப்படியே இருக்கும், தோள் பக்கம் பின் குத்திய ஓட்டை இருக்கும். சாம்பிராணி வாசனையை மறைக்கவா முடியும்? ஒரு பட்டுப்புடவை முந்தானையில் குங்குமத்தோடு வந்தது. கொண்டுவந்த அம்மா என்னை விட மூத்தவர், கோயிலில் பார்த்தால் வணக்கம் சொல்கிறவர். "ஆன்டி, இது கட்டின புடவை" என்று எப்படிச் சொல்வது? முதலாளி வாங்கிக்கொண்டார். அதை மறுபடி புதுசு என்று விற்க முடியாமல் தள்ளுபடிக் கம்பியில் மாட்டினோம்.

கேட்டால் உடனே "சட்டம் இருக்கே" என்கிறார்கள். இருக்கிறது. 2011-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவு. பொருளில் குறை இருந்தால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதை வாங்கியவர்தான் தீர்மானிப்பார், கடை இல்லை. ஆனால் கடைக்கே வந்து, தொட்டுப் பார்த்து வாங்கிய புடவையின் கலர் அப்புறம் பிடிக்காமல் போவது குறை ஆகாது. அதற்கும் நாங்கள் மாற்றித் தருகிறோம் என்றால் அது கடை செய்யும் உதவி. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

ஃபீனிக்ஸ் அண்ணா:
நான் எலக்ட்ரிக்கல் சாமான் விற்கும் கடையில் இருந்தவன். லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது இன்வெர்ட்டருக்கும் சார்ஜ் லைட்டுக்கும் வாசல் வரை வரிசை நிற்கும். 2024 மார்ச் 26-க்குப் பிறகு பல மாதம் மின்வெட்டே இல்லை. அப்போது அதே இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றாகக் கடைக்குத் திரும்பின. "சார்ஜ் நிக்கலை" என்பார்கள். போட்டுப் பார்த்தால் ஜோராக ஓடும். கரண்ட் திரும்பி வரும்போது எகிறி அடித்து டிவி போர்டு கருகியிருக்கும், அதையும் கம்பெனிக் குறை என்று கொண்டுவருவார்கள். அவர்கள் மேல் எனக்கு இரக்கம்தான், ஆனால் அந்த வழக்கு இன்ஷூரன்ஸ்காரரிடம் போக வேண்டியது.

சரி, கடைப் பக்கமும் பேசணும். ஒரு ஆயா புதுக் கெட்டிலைக் கொண்டுவந்தார், வாங்கி ஒரு மாதம்கூட இல்லை, சுடவே இல்லை. மேனேஜர் "தயாரித்தவருக்கு அனுப்புகிறோம், பொறுங்கள்" என்றார். பணமாகவே கேட்க அந்த ஆயாவுக்கு உரிமை உண்டு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பழுது பார்த்துக் கொடுத்தது 3 மாதத்துக்குள் மறுபடி கெட்டால் மாற்றித் தரணும் அல்லது பணம் தரணும் என்பதையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சுவரில் "பணம் திருப்பித் தரப்படாது" என்று பெரிதாக எழுதி மாட்டியிருப்பார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த போர்டு செல்லாது. என் கணக்கில் பின் ஓட்டையோடு புடவை கொடுப்பவரும் அந்த மேனேஜரும் ஒரே ரகம்.

வெருலம் தம்பி:
அக்கா, உங்கள் கடை சின்னது, ஒத்துக்கொள்கிறேன். மாலில் இருக்கும் பெரிய கடைக்கு என்ன நஷ்டம்? 30 நாள் டைம் என்று அவர்களேதான் எழுதிப் போட்டிருக்கிறார்கள். என் நண்பன் ஒரு கல்யாணத்துக்குக் கோட் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை கொடுத்துவிட்டான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

லெனேஷியா மீனா:
தம்பி, அந்த 30 நாள் போர்டுக்குக் கீழேயே "பயன்படுத்தாத நிலையில்" என்றும் இருக்குமே, உங்கள் நண்பர் அந்த வரியைப் படிக்கவில்லையா?

ஆன்லைன் கதை வேறு. காவடிக்காகப் பையனுக்கு இரண்டு சைஸில் குர்தா ஆர்டர் செய்தேன், ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, கைக்கு வந்ததிலிருந்து 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம், அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. நேரில் தொட்டுப் பார்க்காமல் வாங்குகிறோம் இல்லையா, அதனால்தான் இந்தச் சலுகை. இதில் எனக்குக் கொஞ்சமும் உறுத்தல் இல்லை. வீட்டுக்குள் போட்டு அளவு பார்த்தேன், அவ்வளவுதான். கோயிலுக்குப் போட்டுப் போய்விட்டு அனுப்பியிருந்தால் அது திருட்டு, வேறு பெயர் கிடையாது.

ஃபீனிக்ஸ் அண்ணா:
மீனா சொன்னது சரி. தம்பி, இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் நண்பர் மாதிரி நாலு பேர் வந்த பிறகு, நிஜமாகவே ஜிப் போன பேன்ட்டோடு வருகிறவரைக் கவுன்டரில் குற்றவாளி மாதிரி விசாரிப்பார்கள். குடைந்து கேட்கச் சொல்லி எங்களுக்கே மேலிடத்து உத்தரவு வந்தது. முதலில் மாட்டுகிறவர்கள் ஆங்கிலம் தடுமாறும் வயசானவர்கள்தான். அப்படி யாரையாவது நியாயமில்லாமல் திருப்பி அனுப்பினால், நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஓம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. ஸ்லிப்பை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் கட்டுவதற்கு முன்னாலேயே கொண்டுவந்து, பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். கதை வேண்டாம். நாங்கள் வேறு புடவை எடுத்துக்கொள்ளச் சொல்வோம், இல்லாவிட்டால் அதே தொகைக்குக் கிரெடிட் நோட் தருவோம். ஃபால்ஸ் தைத்துவிட்டால் மட்டும் முதலாளியிடம் நானே பேசினாலும் நடக்காது.